செக்கரின் இடது கை

ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றுமில்லையாம். ஒண்டிப்புதூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையை நெல்லிக்காயைப் போல வாயில் ஒதுக்கி வைத்திருக்கிறேன், விழுங்க மனமில்லை. சுங்கம் சிக்னலில் பஸ் நிற்கிறது, வெயில் மடியில் விழுகிறது, முன்சீட்டு அம்மாளின் கூடையில் கொத்தமல்லிக்கட்டு வாடி மணக்கிறது, எல்லாமே நன்றாக இருக்கிறது, பின்னால் லாரிக்காரன் அடிக்கிற ஹார்ன்கூட நன்றாக இருக்கிறது. பக்கத்து சீட்டு காலி. அப்பா உட்காரவில்லை. அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற சென்னியப்பன் பஸ்ஸில் ஏறினால் லேசில் உட்கார மாட்டார். "உக்காருங்கப்பா" என்றேன். "இருக்கட்டும் அம்மிணி, ஆராச்சும் வருவாங்க" என்றார். யாரும் வரவில்லை. கம்பியைப் பிடிக்காமல், கால்களைச் சற்று அகட்டி வைத்து நிற்கிறார், சிக்னல் விழுந்து பஸ் கிளம்பும்போது நிற்கிற எல்லோரும் ஒருமுறை பின்னால் போய் முன்னால் வருகிறார்கள், இவர் மட்டும் நட்டுவைத்த கல் மாதிரி நிற்கிறார். அந்த நோய் உள்ளவர் இப்படி நிற்க முடியுமா? முடியாது. பார்க்கின்சன். இதோ, பேரைச் சொல்லிவிட்டேன். சொன்னால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளுமோ என்று இத்தனை நாளும் மனசுக்குள்கூடச் சொல்லாத பேர், இப்போது சொல்லலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், பார்க்கின்சன், பார்க்கின்சன், அது என் அப்பாவுக்கு இல்லை. இடது கட்டைவிரல் ஜவ்வில் வீக்கம், அவ்வளவுதான். அதனால்தான் அந்த இடது கையை வயிற்றோடு சேர்த்து வைத்திருக்கிறார், இப்போதும் அப்படித்தான் வைத்திருக்கிறார், நான் இப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நடையைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கேம் கம்பெனி என்றால் நாள் முழுக்க விளையாடுவோம் என்று ஒறம்பரை சொந்தபந்தம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு பெரியவர், "வெளையாடறதுக்கு மாசமானா சம்பளமுங்களா?" என்று மிக்சரைக் கொறித்துக்கொண்டே கேட்டார், அப்பா என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். எப்படிச் சொல்வது. ஒருத்தர் உருவத்தை வரைவார், ஒருத்தர் அதற்கு உடம்பு கொடுப்பார், ஒருத்தி அந்த உடம்புக்குள் எலும்பு கோப்பாள், என் மேசைக்கு வரும்போது அது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சோளக்காட்டுப் பொம்மையாட்டம் நிற்கும். அதை நடக்க வைப்பது நான், அனிமேட்டர் என்பது என் வேலைக்குப் பேர். நான் நடக்க வைத்ததை இன்னொருவர் தெருவிலும் படிக்கட்டிலும் விடுவார், இன்னொருவர் காலடிச் சத்தம் போடுவார், கடைசியில் இம்ரான் அதைச் சுவரில் முட்டவிட்டு, தண்ணீரில் தள்ளி, எங்கே உடைகிறது என்று பார்ப்பான், அவன் டெஸ்டர், உடைப்பதற்குச் சம்பளம். எல்லா வேலையும் வேலைதான், ஆனால் நடை சரியில்லை என்றால் மற்ற ஆறு பேர் வேலையும் வீண். வலது கால் முன்னே போனால் இடது கை முன்னே வரணும். இது எல்லா மனுசருக்கும் தெரியும், தெரியாமலே தெரியும், தப்பினால் ஏதோ இடிக்கும், என்ன இடிக்கிறது என்று சொல்லத்தான் தெரியாது. எனக்குச் சொல்லத் தெரியும். எங்கள் ஆர்ட் டைரக்டர் ரெஜினால்ட், "வளர்மதிக்குக் கழுகுக் கண்ணு" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், எனக்கும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு உண்டு. அந்தக் கழுகுக் கண்ணால்தான் இப்படித் தூக்கம் கெட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கீழே பார்த்தேன், அப்பா வலது கையில் பால் தூக்குடன் தெருவில் வந்துகொண்டிருந்தார். இடது கை ஆடவில்லை. எனக்கு முதலில் வந்த நினைப்பு, இடது கையை யாரோ அனிமேட் பண்ண மறந்துவிட்டார்கள் என்பதுதான், சிரிப்புக்கூட வந்தது, அப்புறம்தான் இது திரை இல்லை, எங்கள் தெரு, வருவது எங்கப்பா என்று உறைத்தது, ஈரத்துண்டை அப்படியே கொடியில் சுருட்டிப் போட்டுவிட்டு நின்றேன். பெரியப்பாவுக்கும் இடது கையில்தான் ஆரம்பித்தது. அப்பாவின் அண்ணன். கல்யாணப் பந்தியில் இலைக்கும் இலைக்கும் நடுவே காற்றாகப் போய்ப் பரிமாறுகிறவர், முதலில் அந்தக் கை ஆடாமல் நின்றது, வயசாகுது என்றார்கள், அப்புறம் காலடி குறுகியது, வயசாகுது என்றார்கள், அப்புறம் வாசப்படிக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார், உள்ளே போகவும் முடியாது திரும்பவும் முடியாது, "போங்க மாமா" என்று பெரியம்மா முதுகில் கை வைக்கணும். அவர் முகத்தில் சிரிப்பு வருவது நின்றுபோனது, எங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். டாக்டர் அந்தப் பேரைச் சொன்னபோது எல்லாம் தாமதமாகிவிட்டிருந்தது. அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கு வருமா, வரும் என்றது ஒரு இணையப் பக்கம், வராது என்றது இன்னொன்று, வரலாம் என்றது மூன்றாவது, அந்த வரலாம்தான் எல்லாவற்றையும்விட மோசம். ராமநாதபுரம் வந்துவிட்டது. நாலைந்து பேர் ஏறுகிறார்கள். அப்பா அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது இடது தோள் முதலில் போகிறது, உடம்பு அப்புறம் போகிறது, எப்போதும் போல. எப்போதும் போல என்பது எவ்வளவு நல்ல வார்த்தை.

அந்தத் தோளை நான் மனப்பாடமாக அறிவேன், அதைப் போன வருஷம் மூன்று வாரம் செதுக்கினேன். வெளிநாட்டுக் கம்பெனிகளின் வீரர்களுக்குக் கைகால் ஆட்டியே பிழைப்பு நடத்துகிற எங்களுக்கு, சொந்தமாக ஒரு கேம் பண்ணலாம் என்று ஆசை வந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் விற்றுப்போன ஒரு ஆடு, வாங்கினவனிடமிருந்து தப்பித்து, பஸ் மாறி பஸ் மாறி டிக்கெட் எடுக்காமல் ஊர் திரும்புகிறது. சீட்டுக்கு அடியில் ஒளியணும், கூடைக்குப் பின்னால் பதுங்கணும். பாதி வழியில் செக்கர் ஏறுவார். அந்தச் செக்கருக்கு ஒரு நடை வேண்டும் என்றார் ரெஜினால்ட், நான் கையைத் தூக்கிவிட்டேன். அப்பாவிடம், "சும்மா நடங்கப்பா, போன் கேமரா எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்" என்று தெருவில் நடக்கவிட்டு வீடியோப் படம் எடுத்தேன். ஓடுகிற பஸ்ஸில் நடந்து நடந்து தரையும் ஆடும் என்றே நம்பிவிட்ட நடை அது, பாதம் அகன்று விழும், திரும்புவதற்கு முன்னால் தோள் முந்தும், வருஷக்கணக்கில் வலது கையில் ரிப்போர்ட் எழுதுகிற பேடு இருந்ததால் இடது கைக்குத்தான் வீச்சு ஜாஸ்தி. கேமில் அந்த இடது கைதான் சட்டென்று நீண்டு ஆட்டின் காதைப் பிடிக்கும். அது அப்பாவின் நடை என்று வீட்டில் சொல்லவில்லை. கேம் வெளிவந்த அன்று அப்பா போனில் ஏற்றிக் கொடுத்தேன், "ஆட்ட வெச்சு என்ன வெளையாட்டு, கறி விக்கற வெலைக்கு" என்று மேசைமேல் வைத்துவிட்டார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அந்தப் பழைய படம் என்னிடம் இருந்ததே. மாடியிலிருந்து ஒரு புதுப் படம் எடுத்தேன், ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். இந்தப் பக்கத்து அப்பா கையை வீசி நடக்கிறார். அந்தப் பக்கத்து அப்பாவின் கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. முடிகிறது, மறுபடி முதலில் இருந்து நடக்கிறார், மறுபடி, மறுபடி. பின்னால் வந்து நின்ற ரெஜினால்ட், "ரெண்டாவது சூப்பரா இருக்கே, வயசாளி நடை அச்சு அசலா வந்திருக்கு, எந்த கேரக்டருக்கு?" என்று கேட்டார். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கம்பெனியில் எல்லோருடைய அப்பாவுக்கும் ஓசியில் செக்கப் என்று பொய் சொல்லித்தான் இன்று கூட்டி வந்தேன். ஓசி என்றால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும், "எதுக்கு அவுங்களுக்கு எம்மேல இத்தன அக்கறை" என்று சட்டை மாட்டிக்கொண்டே முனகினார். டாக்டர் பத்மஜா வராந்தாவில் நடந்து காட்டச் சொன்னார். எடை மெஷினில் இருந்து நர்ஸ் மேசைவரை, திரும்பி வாங்க. நான் பார்க்கவில்லை. நடை பார்த்துச் சோறு தின்கிறவள், அப்பாவின் நடையை டாக்டர் பார்க்கிற நேரத்தில் தரையில் இருந்த மாவு மாதிரியான ஏதோ ஒரு கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறைக்குள் வந்ததும், கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். வலது கை படபடவென்று தட்டியது. இடது கை ஒன்று, இரண்டு, அப்புறம் தயங்கியது. பெரியப்பாவும் இதே இடத்தில்தான் தயங்கினார் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். சுவரில் மாட்டியிருந்த மூளைப் படம் அருகில் வந்து தூரப் போனது, அம்மாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன். டாக்டர் கையைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "வலிக்குதா?" "இல்லீங்க." "நெசமாச் சொல்லுங்க." "கொஞ்சமுங்க." கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடச் சொல்லி, மணிக்கட்டைக் கீழே சாய்த்தார். "யப்பா!" என்று கத்தினார் அப்பா. ஒரு தடவை ஆபரேஷன் பண்ணியபோதுகூட முனகாத மனுசன் கத்தினார். பெற்ற அப்பன் வலியில் கத்தினால் எந்த மகளாவது சந்தோஷப்படுவாளா, நான் பட்டேன், அந்தச் சத்தத்தைக் கேட்டு என் காதெல்லாம் குளிர்ந்தது.

அதற்கப்புறமும் டாக்டர் விடவில்லை, அப்பாவின் முழங்கையை மடக்கி நீட்டினார், எழுதச் சொன்னார், பின்னால் நின்று தோள்களைச் சட்டென்று இழுத்தார், அப்பா அசையவில்லை, "பஸ்ஸுல நின்ன ஒடம்புங்க" என்றார் பெருமையாக. "அந்த வியாதிக்கு ஒரு அடையாளமும் இல்லம்மா. வலிக்குப் பயந்து கையக் கட்டி வெச்சுட்டு நடக்கறாரு" என்றார் டாக்டர் என்னிடம். பிறகு அப்பாவைப் பார்த்து, "அந்த விரலுக்கு அப்படி என்ன வேலை குடுக்கறீங்க?" அப்பா மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். "செடிக்குத் தண்ணி உடறமுங்க, ஓஸ் பைப்ப அமுக்கிப் புடிக்கோணும்." ஒரு மாதத்துக்கு ஓஸ் பைப்பைத் தொடாதீர்கள், விரலுக்கு ஒரு பட்டை போடுங்கள் என்றார் டாக்டர். கிளம்பும்போது, "கை வீச்சு குறைஞ்சதை எப்படிம்மா கண்டுபிடிச்சே, நர்சிங் படிச்சியா?" என்று கேட்டார். "கேம் கம்பெனில அனிமேட்டர் மேடம். பொம்மைகள நடக்க வைப்பேன்." "நாங்களும் அதுக்குத்தான் பாடுபடறோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் வெட்கமாகவும் இருந்தது. புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதானே. முதலில் காரணம், அப்புறம்தான் அசைவு. ஏன் நடக்கிறான் என்று தெரியாமல் எப்படி நடக்கிறான் என்று முடிவு பண்ணாதே. இரண்டு படத்தை ஓடவிட்டு நிறுத்தி ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தேனே தவிர, மாடியிலிருந்து இறங்கிப் போய், "என்னப்பா, கை வலிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பரவாயில்லை. பிழைத்தோம். கழுகுக் கண் தப்பாகப் பார்த்தது, கோடி கும்பிடு.

ஒலம்பஸ் ஸ்டாப் தாண்டிவிட்டோம். ஆனாலும் பயம் ஸ்விட்சை அணைத்தபிறகும் சுற்றுகிற ஃபேன் மாதிரி சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் பத்தடி மண்ணில் ஒரு கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி, அதற்கு ஓஸ் பிடித்து விரல் வீங்குமா? பக்கெட்டில் அல்லவா ஊற்றுவார்? அப்படியானால் ஏன் பொய், டாக்டரிடம் ஏன் பொய், எதையோ மறைக்கிறார், கை நடுங்குவதை மறைக்கிறாரோ, டாக்டருக்கு முன்னால் மட்டும் அடக்கிக்கொண்டாரோ, இல்லை, அப்படியெல்லாம் அடக்க முடியாது, டாக்டர் சொல்லிவிட்டார், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. ஆனால் ஓஸ்? எங்கள் வீட்டில் ஓஸே கிடையாதே. போன கோடையில் வெயிலில் வெடித்துப்போய் அம்மா பழைய சாமான்காரனுக்குப் போட்டாளே. கொத்தமல்லி அம்மாள் இறங்குகிறாள், கூடை என் தோளை உரசிக்கொண்டு போகிறது. அப்பா கடைசியில் மனசு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் என் பக்கமிருந்து சற்றுத் திரும்பி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பரீட்சையில் பிட் அடிக்கிற பையன் மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த ஒரு சத்தம் கேட்டது. சின்னதாக, செருமுகிற மாதிரி. மே.

அது எங்கள் ஆடு. அது கத்துகிற கத்தலை எங்கள் ஆபீசில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், கனவிலும் கேட்டிருக்கிறேன். திரையின் இடது மூலையில் அப்பாவின் இடது கட்டைவிரல். ஆட்டை ஓட்டுகிற விரல் அதுதான், எந்த போன் கேமிலும் ஆளை நடக்க வைக்கிற விரல் அதுதான். இந்தக் கேம் முடிகிற சமயத்தில் இம்ரான் இடது கட்டைவிரலுக்குக் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு, கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தான், "ஆடு முட்டிருச்சா தம்பி" என்று நான்தானே கேலி பண்ணினேன். அதே கை. அதே விரல். என் பக்கத்து மேசையில் பார்த்ததை என் வீட்டு வாசலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ ஒன்று கழன்று விழுந்து, சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் ஒருவழியாக நின்றது.

"இதுதான் செடிக்குத் தண்ணி உடறதுங்களாப்பா?"

அப்பா போனைக் கவிழ்த்தார். பிறகு, மாட்டிக்கொண்ட பயணி எப்படி இருப்பான் என்று நன்றாகத் தெரிந்தவர் என்பதால், உடனே ஒத்துக்கொண்டார். "உங்கம்மாகிட்டச் சொல்லீராத. பாதி வழி வந்துட்டேன் அம்மிணி, இந்தச் செக்கர்கிட்டத்தான் மாட்டிக்கறேன். தெனமும் காதப் புடிச்சு எறக்கி உட்டர்றான்."

"வலிக்கறப்ப எதுக்குப்பா?"

"பாவம், ஆடு ஊட்டுக்குப் போவோணுமல்லோ" என்றார். கறி விற்கிற விலையைச் சொன்னவர்தான்.  குரலைத் தாழ்த்தி, தொழில் ரகசியம் பேசுகிறவர் மாதிரி என் பக்கம் சாய்ந்தார். "இந்தச் செக்கர நடக்க வெச்சது ஆரு? நீயா?"

"நாந்தானுங்கப்பா."

"நெனச்சேன். ஆளையும் கண்டுபுடிச்சுட்டேன். ஒரு நாளு நம்ம டெப்போவுக்குச் சோறு கொண்டாந்தியே, அன்னைக்குப் பாத்திருப்ப. மாரசாமி நடை. அவனேதான். கால அகட்டிப் போட்டு, தோள முந்தி உட்டுட்டு, என்னமோ ரோடே அவனுதாட்டம் வருவான். ஈவு எரக்கமில்லாத பய. அவன்கூட இருவது வருசம் வேலை பாத்தவன் நானு, நடையப் பாத்தே ஆளச் சொல்லீருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது, அப்புறம் வயிற்றிலிருந்து வந்தது, முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கண்டக்டர் பார்த்தார், சிரிப்போடு கண்ணிலும் கொட்டியது, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். நடையைப் பார்த்து ஆளைச் சொல்கிற குடும்பம். மகளும் தப்பு, அப்பனும் தப்பு. "என்னத்துக்கு இப்படிச் சிரிக்கற, ஆராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க" என்றார் அப்பா, ஆனால் அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது, பெரியப்பாவுக்கு வராமல் போன அந்தச் சிரிப்பு, முகம் முழுக்க, காதுவரைக்கும். ஒண்டிப்புதூர் வந்துவிட்டது. அவர்தான் முதலில் இறங்கினார், வண்டி முழுசாக நிற்பதற்குள், பழக்கம். நான் இறங்குவதற்குள் நாலு அடி முன்னால் போய்விட்டார், போனைச் சட்டைப் பைக்குள் வைத்து, இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பாதத்தை அகட்டி அகட்டி வைத்து, ரோடே அவருடையது மாதிரி. நான் பார்த்தேன். எதையும் ஆராயாமல், எந்தக் கை எந்தக் கால் என்று கணக்குப் போடாமல், எங்கப்பா நடந்து போவதைச் சும்மா பார்த்தேன்.

"அப்பா, மாரசாமி மாமா போறாரு!" என்று கத்தினேன்.

இடது தோள் முந்தியது, உடம்பு அப்புறம் திரும்பியது. "எங்க அம்மிணி?" என்று தெரு முழுக்கத் தேடினார்.